பாட்டு நின்றுபோகும் இடம்

கம்பத்திலிருந்து மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிச்செல்வது அப்பாவின் ஜீப். அதன் பென் டிரைவில் இருந்த ஒரு பழைய பாட்டு இரண்டாவது சரணத்தில் சட்டென்று நின்றுவிடும். நாலு மூச்சு நேரம் வெறும் என்ஜின் சத்தம்தான். அப்புறம் தானாகத் திரும்ப வரும். அந்த இடத்தை அப்பா பாடி நிரப்புவார். வார்த்தை தெரியாது, வெறும் தன்னனாதான். கடைசி இழுப்பில் மூச்சு பத்தாது. அதை மறைக்க ஹாரன் அடிப்பார்.

"அண்ணே, உங்களவிட ஹாரன் நல்லாப் பாடுது" என்பாள் பின்னாலிருந்து ஒரு அக்கா.

"அது போன வாரந்தேன் புதுசா மாட்டுனது ஆத்தா. நான் பழைய மாடலு."

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். படித்ததற்கு அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. ஒரு விடுமுறையில் அந்தப் பாட்டின் முழுப் பதிவைத் தேடி எடுத்து, பழையதை அழித்துவிட்டு இதை ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் நானும் ஜீப்பில் இருந்தேன். அந்த இடம் வந்தது. பாடகரின் குரல் நிற்காமல் போனது. அப்பாவின் வாய் திறந்து, மூடிக்கொண்டது.

"சுத்தமா இருக்குய்யா" என்றார். "படிச்ச பிள்ளைன்னா சும்மாவா."

அதற்குப் பிறகு அவர் அங்கே பாடவே இல்லை. அடுத்த வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

தேனியில் என் அறையில், வேலை முடிந்து வந்ததும் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்பேன். கோயிலில் கண்ணை மூடினால் என் மனம் நிற்பதில்லை. இதில் நிற்கும். பாடகரின் குரலுக்குப் பின்னால் வயலின், வயலினுக்குப் பின்னால் யாரோ மூச்சிழுப்பது வரை கேட்கிறது. அதற்கும் பின்னால் தேடுகிறேன். எத்தனை உற்றுக் கேட்டாலும் அப்பாவின் தன்னனா எப்படி வளையும் என்பது மட்டும் நினைவுக்கு வருவதில்லை. அதைப் பதிவு செய்தவர் யாரும் இல்லை. அழித்தவன் நான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது காலையில் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். இப்போது அதைச் சித்தப்பா ஓட்டுகிறார். அதே பென் டிரைவ்தான். அப்பா எப்படிப் பாடுவார் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். அவள் சித்தப்பாவின் பக்கம் எட்டிக் குனிந்தாள்.

"அந்த எடம் வரட்டும் தம்பி. அண்ணே, நான் சொல்லும்போது சத்தத்தக் கொறைங்க."

சித்தப்பா குறைத்தார். அக்கா பாடினாள்.

"அப்பிடியில்லடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "கீழ எறங்கித்தேன் மேல போவாக." அவள் ஒரு மாதிரி பாடினாள். எதிர்ச் சீட்டில் இருந்த இருவர் ஆளுக்கொரு மாதிரி சேர்ந்துகொண்டார்கள். நாலு பேர், நாலு ராகம். எதையும் அப்பாவுடையது என்று சொல்ல முடியவில்லை. எதையும் இல்லை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

கடைசி இழுப்பு வந்தது. ஒவ்வொருத்தியாக மூச்சு விட்டு நிறுத்தினார்கள். எல்லோரும் முன்சீட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

எதற்குக் காத்திருக்கிறோம் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. வளைவில் எதிரே வண்டி எதுவும் வரவில்லை. ஹாரன் அடிக்காமல் திருப்பினார்.

"சத்தத்தக் கூட்டட்டா?" என்றார்.

"வேணாண்ணே" என்றாள் அக்கா. "கொஞ்ச நேரம் அப்பிடியே இருக்கட்டும்."