முத்திரை விழாத விடுதலை

சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. நான் அப்போது ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அங்கே நீதிபதியும் ஹெட்கிளார்க்கும் ஒரு வாசற்படியை எல்லையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். படிக்கு உள்ளே, விசாரணையும் தீர்ப்பும் நீதிபதி பாடு. வெளியே ஆபீஸ், தபால், சேவகர்கள் எல்லாம் ஹெட்கிளார்க் ராஜ்யம். நீதிபதி வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். ஹெட்கிளார்க் ராஜா காலத்து ஆள். முத்திரைப் பெட்டிச் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும்.

ஒரு சேவகரை யார் மாற்றுவது என்ற தகராறில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அப்புறம் எல்லாம் துண்டுச்சீட்டுதான். சுமந்தவன் நான். அதை வேடிக்கை பார்த்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, வலை திருடியதாக சப்-ஜெயிலில் இருந்த மணமேல்குடிக்காரர் ஒருவரைக் குற்றமற்றவர் என்று நீதிபதி விடுதலை செய்தார். உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தி ஜெயிலுக்கு அனுப்பினால் ஆள் வெளியே வந்துவிடுவார். ஹெட்கிளார்க் அதைத் தன் மேசைத் தட்டிலேயே வைத்தார். "அனுப்பச் சொல்லிச் சீட்டு வரலையே" என்றார். நீதிபதியிடம் சொன்னேன். "கையெழுத்துப் போட்டாச்சு. மிச்சம் ஆபீஸ் வேலை" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்த மணமேல்குடிக்காரரின் மனைவி என் மேசைக்கு வந்தார்.

"ஏங்க, குத்தமில்லைன்னு ஆனபெறகு எத்தனை நாளு உள்ள வச்சிருப்பீங்க? தெரிஞ்சா அன்னிக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டில் தாள் அப்படியே கிடந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் கொண்டுபோய் நீதிபதி முன்னால் வைத்தேன்.

"இன்னுமா?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து, முதல் தடவையாக வாசற்படி தாண்டி ஆபீசுக்குள் வந்தார். ஹெட்கிளார்க் பதறி எழுந்தார். அவர் அவசரத்தில் பெட்டி நகர்ந்துகொண்டே போய், சாவி பூட்டில் நுழையவே இல்லை. நீதிபதிதான் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். ஹெட்கிளார்க் முத்திரை குத்தினார்; தாள் உடனே ஜெயிலுக்குப் போனது.

சாயங்காலம் அந்த மனிதர் மனைவியோடு கோர்ட்டுக்கே வந்து எங்கள் மூவரையும் கும்பிட்டார்.

"குத்தம் செய்யாதவனுக்கு நாலு நாளுதானாங்கய்யா? நான் ஒரு மாசம் ஆகும்னு பயந்து கெடந்தேன்."

அப்படி ஒரு சட்டமே இல்லை, தப்பு எங்களுடையது என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர் இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.