டாம்சின் குளித்துக்கொண்டிருக்கிறாள்

சட்டைக்கு மேலே வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறாள் இமோஜன். ரொட்டிக்கு அவகாடோ மசிக்கும்போது ஒரு தட்டு, மாடிப்படி இறங்கும்போது ஒரு தட்டு. உள்ளே பாஸ்போர்ட் பை இருக்கிறது. எங்கள் விடுதியில் பெருக்கித் துடைக்கும் யாஸ்னாவுக்கு முதல் நாளே சந்தேகம். "என்னக்கா, புள்ளத்தாச்சியா இவ?" என்று என் காதைக் கடித்தாள்.

வயது பத்தொன்பது. இங்கிலாந்தில் பள்ளியை முடித்துவிட்டு, கல்லூரியில் சேருமுன் ஒரு வருடம் முதுகில் மூட்டையோடு உலகத்தைச் சுற்றக் கிளம்பியவள். சிலி நாட்டு வால்பரைசோ நகரின் இந்த மலைச்சரிவில் எனக்கு இப்படிப்பட்ட பிள்ளைகளால்தான் பிழைப்பு. சாக்ஸைக் குளிக்கும்போதே காலால் மிதித்துத் துவைப்பாள். அதைக் கட்டில் கம்பியில் காயப்போட்டு, கீழ்க்கட்டில்காரன் மூக்கில் சொட்டவிடுவாள். திட்டினால், "சாரிக்கா, இப்பக் காஞ்சுரும்க்கா" என்பாள். புதிதாக யார் வந்தாலும் பெயரைக் கேட்கமாட்டாள். "எங்கருந்து வர்றீங்க, அடுத்து எங்க?" என்பதுதான் இவர்கள் கூட்டத்துக்கு வணக்கம். பொலிவியாவின் உப்புப் பாலைவனத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்று எவனாவது சொன்னால், "அடப்பாவி!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்வாள்.

புறப்பட்டபோது இரண்டு பேர். தோழி டாம்சின் பெரு நாட்டுக் கடற்கரையில் அலைச்சறுக்குக் கற்றுத்தரும் ஒருவனைப் பார்த்தாள், அங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்காக இவள் காத்திருக்க வழியில்லை. உலகம் சுற்றும் டிக்கெட்டில் ஒரு விமானத்தை விட்டால் மீதி எல்லாம் ரத்து. வியாழக்கிழமை சாண்டியாகோவிலிருந்து நியூசிலாந்துக்கு ஏற வேண்டும்.

சிக்கல் அம்மாதான். "ரெண்டு பேராப் போறதுன்னா போங்க. தனியா இருக்கேன்னு தெரிஞ்சுது, அடுத்த பிளேன்ல வீட்டுக்கு வந்துரணும்" என்று சத்தியம் வாங்கி அனுப்பியிருக்கிறார். சேதி தெரிந்தால் நியூசிலாந்து கிடையாது. பெருவிலிருந்து டாம்சினும் தன் வீட்டாரிடம், இமோஜன் பக்கத்திலேயே இருப்பதாக அளந்துகொண்டிருக்கிறாள். இரண்டு தாய்மாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

ஞாயிறுதோறும் அம்மா வீடியோவில் வருவார். கேட்கும்போதெல்லாம் டாம்சின் குளித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை அம்மா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்ள, குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்த யாஸ்னா குழாயைத் திறந்துவிட்டு உரக்கப் பாட ஆரம்பித்துவிட்டாள். "ஸ்பானிஷ் பாட்டெல்லாம் கத்துக்கிட்டாம்மா அவ" என்று இவள் சமாளித்தாள். "இத்தனை குளியலுக்கு அந்தப் பொண்ணு தோலே உரிஞ்சிருக்கணும்" என்று யாஸ்னா இன்னமும் சிரிக்கிறாள்.

எனக்கு அந்தப் பொய் பிடிக்கவில்லை, பெண்ணைப் பிடித்திருக்கிறது. பொலிவியாவில் சாலை மறியலில் பஸ் நின்றுபோனதும், மூட்டையைத் தூக்கிக்கொண்டு தனியாளாக நடந்தே எல்லையைத் தாண்டியவள். வழியில் காய்ச்சல் கண்டபோது, நாலு வார்த்தை ஸ்பானிஷை வைத்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரியைத் தேடிப் போயிருக்கிறாள். விடுதியில் இருக்கிற எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். அம்மாவிடம் மட்டும் சொல்ல முடியாது.

நேற்று ஞாயிறு. படுக்கை விரிப்புகளை எடுக்க நான் அறைக்குள் போனபோது அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"நியூசிலாந்துலயும் டாம்சின் பின்னாடியே போ, என்ன? அவ தைரியசாலி. அவ மட்டும் இல்லேன்னா நீ நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டையே தாண்டியிருக்க மாட்டடி. கூப்பிடு அவள, ஒரு தேங்க்ஸ் சொல்லணும்."

வழக்கமான பதில் வரும் என்று நினைத்தேன். இமோஜன் போனைத் திருப்பி எதிர்க்கட்டிலைக் காட்டினாள். விரிப்பில்லாத மெத்தை, அதன்மேல் இமோஜனின் மூட்டை மட்டும்.

"என்னடி இது? அவ எங்க? ஏய்!"

இமோஜன் போனை இறக்காமல் அப்படியே பிடித்திருந்தாள்.