தார் ரோட்டில் சுடாத கால்

எனக்குக் கால் சுடவேயில்லை! இரண்டு வருடம் முன்பு ஆடி மாதம், காட்டுப்பாக்கத்திலிருந்து பால்குடம் எடுத்துக் கரையான்சாவடி அம்மன் கோவில் வரை நடந்தோம். உச்சி வெயில். கூட வந்த பெண்களெல்லாம் தார் ரோட்டில் குதிகுதியென்று குதித்து, தண்ணீர் ஊற்றிய இடம் தேடி ஓடுகிறார்கள். நான் மட்டும் ஜம்மென்று நடக்கிறேன். அம்மனே என்னைத் தாங்குகிறாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து காலை நீட்டியதும், ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் அலறினார்.

"இன்னாடி இது! காலெல்லாம் கொப்புளமா கீது, வலிக்கல?"

வலிக்கவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. எனக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை. தலை சுற்றினால் மாத்திரை போடுவேன். மற்ற நாளெல்லாம் மாத்திரைக்கு லீவு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொடப் போவதாகச் சொன்னார். எப்போது ஆரம்பிப்பார் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். அவர் தொட்டு முடித்தே விட்டிருந்தார்!

"ரத்தத்துல சர்க்கரை வருஷக்கணக்கா ஏறியே இருந்தா நரம்பு கெட்டுப்போகும்மா. நரம்புக்குச் சத்து கொண்டுபோற பொடி ரத்தக் குழாயும் கெட்டுப்போகும். அதான் சுட்டது தெரியல. புண்ணும் லேசுல ஆறாது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, எல்லாம் என் மேல்தான். உள்ளே இவ்வளவு நாசம் நடந்திருக்கிறது, நான்பாட்டுக்கு சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

மற்ற கொப்புளங்கள் மெல்ல ஆறின. வலது கட்டைவிரல் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. செத்த சதையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் விரலை வைப்பதா எடுப்பதா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. சுரண்டிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரும் உள்ளே வந்தார். ஒரு சொட்டு ரத்தம் பார்த்தாலே சுவரைப் பிடிக்கிற மனிதர்.

கத்தி சுரண்டியது. கறுப்பு. இன்னும் கொஞ்சம். மறுபடி கறுப்பு. திடீரென்று ஒரு சிவப்புப் பொட்டு. பெரிதாகி, விரலில் வழிந்தது.

"ரத்தம் வருது! உள்ள சதை உயிரோட இருக்கும்மா. விரல் தப்பிச்சுது."

வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்: "வர்ட்டும் டாக்டரம்மா, நல்லா வர்ட்டும்!"