மகா மட்கார்டு மடித்த ஞாயிற்றுக்கிழமை

ஸ்ரீராம்புரத்தில் மகாவைத் தெரியாதவர்கள் உண்டு. அவள் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. பின்சீட்டில் கொஞ்சம் கனம் ஏறினால் போதும், பின்சக்கரம் இரண்டும் மட்கார்டில் உரசி அலறும். ரப்பர் தீயும் நாற்றத்தில் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். சின்னத்தாயி, அதாவது மகாவின் அம்மா, கண்ணேறுதான் காரணம் என்று பூசணிக்காய் உடைத்துப் பார்த்தாள். பூசணிக்காய் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

மகா உள்பாவாடை தைக்கிறவள். கட்டியவன் ஓசூரில் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். அதற்காக அவள் ஒரு நாள் அழுதாள், மறுநாள் தையல் மிஷின் வாங்கினாள். இப்போது யூனிஸும் இன்னும் மூன்று பெண்களும் அவளிடம் தைக்கிறார்கள். தைத்த மூட்டைகள் சிக்பேட்டை கடைகளுக்குப் போக வேண்டும், அதுவும் சொன்ன நேரத்துக்கு.

அந்த மூட்டைகளை ஏற்றிப் போனது அவள் தம்பி நாகேஷின் ஆட்டோ. தம்பி ஆட்டோ என்றுதான் பேர். நல்ல சவாரி கிடைத்தால் மூட்டை வாசலிலேயே கிடக்கும். இவள் கடைக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். கேட்டால், "அக்கா தம்பிக்குள்ள என்ன கணக்கு?" என்பான். வாடகை வாங்கும்போது மட்டும் அந்த உறவு அவனுக்கு மறந்துவிடும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் டிரைவிங் கிளாஸில் போய்ச் சேர்ந்தாள். கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்து, ராஜாஜிநகரில் ஷ்ரேயாஸ் என்ற காலேஜ் பையனிடம் பழைய மாருதி ஒன்று வாங்கினாள். பையன் அதற்கு ஸ்டைலுக்காகக் குண்டு டயர் மாட்டி, ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். வேறு யாரும் சீந்தாததால்தான் அது மகாவின் கைக்கு எட்டியது.

மூட்டை ஏற்றிய முதல் நாளே மானம் போனது. ஓகலிபுரம் இறக்கத்தில் வண்டி அலறிய அலறலில் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாவாடையெல்லாம் ரப்பர் நாற்றம் அடிக்கிறது என்று கடைக்காரன் மூட்டையைத் திருப்பி அனுப்பினான். மூட்டைகள் மறுபடியும் நாகேஷின் ஆட்டோவுக்கே போயின. அவன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்க்க மகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதோடு விட்டானா? ஆட்டோ ஸ்டாண்டில் கூட இருக்கும் சுந்தரத்திடம் காருக்கு விலை பேசிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறேன், சாவியை எடுத்து வை என்று அவளுக்கே உத்தரவு போட்டான். "தம்பி நம்ம நல்லதுக்குத்தானே சொல்றான்," என்றாள் சின்னத்தாயி. பெற்றவளும் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான் மகாவுக்கு அதிகம் வலித்தது. கார் போனால் ஆயுசுக்கும் அந்த ஆட்டோவுக்காக வாசலில் நிற்க வேண்டியதுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஷ்ரேயாஸ் வீட்டுக்கே போய் நின்றாள். பையன் முதலில் பயந்தான், காரைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாளோ என்று. விஷயம் தெரிந்ததும் சோபாவில் சாய்ந்துகொண்டு விளக்கினான். சக்கரத்துக்கு மேல் மட்கார்டின் உள்பக்கம் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் டயரைக் கடிக்கிறது. டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் உருண்டைக் கட்டை ஒன்றைச் செருகி, வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கட்டை உருண்டு உருண்டு விளிம்பை மேலே மடித்துவிடும். பெயின்டைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். வீட்டிலேயே செய்யலாம், தனக்குத்தான் சோம்பல் என்றான்.

மகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரம் மடிக்கிற வேலையா? பிறகு அவள் இத்தனை வருஷமாய் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறாளாம்!

ஞாயிறு காலை. சந்துக்குள் கார் நுழையாது என்பதால் முனையில்தான் நிற்கும். மகா கரி இஸ்திரிப் பெட்டியில் நெருப்புப் போட்டு எடுத்து வந்தாள். தடித்த துணியை மடித்து மட்கார்டின் மேல் வைத்து, வலது பக்கத்தை நிதானமாகத் தேய்த்துச் சூடேற்றினாள். கார்ப்பரேஷனில் தெரு கூட்டி ரிட்டயரான அம்மாவின் பழைய மண்வெட்டியைக் கழற்றி, அதன் பிடியைச் செருகினாள். யூனிஸ் வண்டியைத் தள்ளினாள். கட்டை பொத்தென்று தரையில் விழுந்தது. மறுபடி செருகினாள், மறுபடி விழுந்தது.

தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். காருக்கு இஸ்திரி போட்டாச்சு, அடுத்து கஞ்சி போடுவாளா என்று ஒருத்தி கேட்டாள். மகா கண்டுகொள்ளவில்லை. காலி வண்டி எப்போதாவது உரசியிருக்கிறதா? கனம் ஏறினால்தானே கீழே இறங்கும், இறங்கினால்தானே கட்டை பிடிக்கும்! மூட்டை ஏற்றலாமென்றால் சனிக்கிழமையே எல்லாம் சிக்பேட்டைக்குப் போய்விட்டன.

அந்த நேரம் பார்த்து நாகேஷ் வந்தான், கூடவே சுந்தரம். நாகேஷின் தொப்பையைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சுந்தரமும் சளைத்தவன் இல்லை. மகா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்கறவரு வண்டியில உக்காந்து பாக்க வேணாமாடா?" என்றாள், குரலில் தேன் ஒழுக. "நீயும் ஏறு. உரசுது உரசுதுன்னு சொல்றியே, உக்காந்து காது குடுத்துக் கேளு."

அக்கா வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தான் அந்த அசடு. இருவரும் பின்சீட்டில் ஏறினார்கள். வண்டி ஒரு முனகலோடு கீழே இறங்கியது. மகா மறுபடி இஸ்திரி வைத்து, கட்டையைச் செருகி, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். யூனிஸோடு மற்ற பெண்களும் சேர்ந்து தள்ளினார்கள். கட்டை உருண்டது. விளிம்பு நற நறவென்று மடிந்தது. பின்னால் தள்ளு, முன்னால் தள்ளு. உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். ஓரம் படிந்து கிடந்தது, பெயின்டில் ஒரு கீறல் இல்லை.

"என்னக்கா பண்றே அங்க?" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான் நாகேஷ்.

"உன் புண்ணியத்துல ஒரு பக்கம் முடிஞ்சுதுடா. அசையாம உக்காரு, அந்தப் பக்கமும் முடிச்சிடறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாகேஷ் கதவை உதைத்துத் திறந்துகொண்டு இறங்கினான். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. சுந்தரமும் இறங்கி, "சும்னே எதுக்குப்பா அக்கா தம்பிக்குள்ள ஜகளா, இந்தச் சண்டையில எனக்கு வண்டியே வேணாம்," என்று கழன்றுகொண்டான்.

நாகேஷ் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். "ஒரு பக்கம் மடிச்சிட்டா ஆச்சா? இன்னொரு பக்கத்துக்கு எவன் வந்து உக்கார்றான்னு பாக்கறேன்! பொம்பளைக்கு எதுக்கு காரு? இன்னி வரைக்கும் உன் மூட்டைய சுமந்தது யாரு?"

"நீ சுமந்தே, இல்லேங்கல," என்றாள் மகா. "நீ எப்ப வருவே எப்ப வருவேன்னு வாசல்ல நின்னது யாரு? இனிமே நிக்க மாட்டேன்டா. உரசினாலும் சரி, தீஞ்சாலும் சரி, இது என் வண்டி."

யாரும் சிரிக்கவில்லை. சின்னத்தாயி தெருவோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனைத் தாண்டிப் போய், புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெற்ற மகன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. ஆனால் ஒல்லிப்பிச்சான் உடம்பு, வண்டி அசையக்கூட இல்லை.

"நான் ஒருத்தி போதாதுடி. இன்னும் யாராவது ஏறுங்களேன்," என்றாள் வெளியே பார்த்து.

குடங்களை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். கஞ்சி போடுவாளா என்று கேட்டவள்தான் முதலில் ஏறினாள். மடியில் ஒருத்தி, மடிமேல் ஒருத்தி என்று அடைந்துகொண்டார்கள். டிக்கியில்கூட ஒருத்தி ஏறி உட்கார்ந்தாள். இடுப்பு போச்சு, கால் போச்சு என்ற கூச்சலுக்கு நடுவில் வண்டி நன்றாகக் கீழே இறங்கியது. மகா இஸ்திரி வைத்துச் சூடேற்ற, யூனிஸும் தையல் பெண்களும் தள்ள, இடது பக்க விளிம்பும் மண்வெட்டிப் பிடிக்கு அடங்கி மடிந்தது.

மகா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். யாரையும் இறங்கச் சொல்லவில்லை, யூனிஸும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். தெருக்கோடியில் ஸ்கூல் எதிரே, வேகத்தைக் குறைக்க மேடாகப் போட்ட பெரிய ஹம்ப் ஒன்று உண்டு. நாகேஷின் ஆட்டோவும் அதன் பக்கத்தில்தான் நின்றது. அவன் அதில் சாய்ந்துகொண்டு, உரசுமா உரசாதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சின்னத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

கார் ஹம்ப் மேல் ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

பின்னால் ஒரே கும்மாளம். யூனிஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கதவைத் தட்டினாள். ஒரு தடவை ஏறி இறங்கியது போதும்தான். ஆனால் நாகேஷ் சரியாகக் கேட்டிருப்பானோ மாட்டானோ என்று மகாவுக்குச் சந்தேகம். கண்ணாடியில் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டாள்.