ஒரே பெயர், ஒரே லயம்

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த அக்கா அந்த வருடம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் போனில்தான். சின்னச் சின்ன நிரல்களை, ஃபங்ஷன்களை, எழுதி ஒரு லைப்ரரியாகத் தொகுத்தாள். ஒன்று எண்களில் பெரியதைச் சொல்லும். ஒன்று பட்டியலைக் கலைத்துப் போடும். இன்னொன்று பட்டியலில் திரும்ப வந்ததை நீக்கிவிடும்.

"இதெல்லாம் முன்னமே யாராச்சும் எழுதி வச்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டார் அப்பா.

"இருக்குப்பா. நானே எழுதுனாத்தானே எனக்கு வெளங்கும்?"

ரப்பர் பால் வெட்டப் போகும் அவசரத்தில் அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. பத்து வயதான எனக்குச் சோதனை செய்யும் பதவி. நான் பெயர்களைச் சொல்லுவேன், அவள் தட்டுவாள். பதவி வந்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடத்துப் பெருமழையில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். வந்தவர்களின் பெயரையும் லயத்து நம்பரையும் மூன்று பேர் மூன்று தாளில் எழுதியிருந்தார்கள். பல பேர் ஒன்றுக்கு மேற்பட்ட தாளில் இருந்தார்கள்.

"ஒரே லிஸ்டா ஆக்கிக் குடும்மா. சாப்பாடு அதப் பாத்துத்தான் குடுப்பாங்க" என்றார் தோட்டத் தலைவர்.

அக்கா எல்லாவற்றையும் தட்டி, திரும்ப வந்ததை நீக்கும் தன் ஃபங்ஷனிடம் கொடுத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். "ராமாயி, ரெண்டாம் லயம். மூணு தடவ வருது. ஒரே ஆளுதானே?"

"நம்ம ராமாயி கெழவிதான். வேற யாரு?" என்றேன்.

மத்தியானம் கிராம சேவகர் பெயர் வாசித்துச் சோற்றுப் பார்சல் கொடுத்தார். "ராமாயி" என்றதும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் கிழவி. மற்றவர் கிழவியின் மருமகள், எங்கள் லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் அத்தை. அத்தையின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மாமியாரைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டார். பட்டியல் முடிந்தது, பார்சலும் முடிந்தது.

அக்கா அழுதுவிட்டாள். அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர். மருமகளைப் பெயர் சொல்லி அதட்டினால் அது மாமியாரையும் அதட்டியதாகிவிடுமாம். அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தையை யாருமே பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்த மகனின் பெயரோடு 'அம்மா' என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அவர் வெறும் அத்தை.

அக்காவின் ஃபங்ஷன் சொன்ன வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. பிழை என் வாயில். வெட்கம் பிடுங்கித் தின்ன, என் பார்சலைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் ஓடினேன்.

"நீ தின்னு சாமி, எனக்குப் பசியே இல்ல" என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த ஐயா என் பேர எவ்வளவு சத்தமா வாசிச்சாரு, கேட்டியா?"

சோறு கிடைக்காதவர் சத்தத்தைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை பார்சலுக்காகத்தான் எழுந்தார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.