பிச்சிப்பூவில் சோதித்த மாத்திரை

எங்கள் ஊரில் பழைய ரேஷன் கடைக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, செவ்வாயும் வெள்ளியும் ஒரு டாக்டர் அம்மா வந்து உட்கார ஆரம்பித்தார். குடும்பத்துக்கு ஒரு சின்ன நோட்டு. பார்ப்பதற்கும் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. தோவாளைச் சந்தைக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறவள் நான். அங்கே ஒரு முழம் சும்மா கிடைத்தாலே, நேற்றைய பூவோ என்று முகர்ந்து பார்ப்போம்.

நோட்டுப் போட வீட்டுக்கு வந்தவள் பக்கத்துத் தெருக்காரி. மாதாமாதம் மாத்திரை கொண்டு தருவதும் அவள்தான். ஆதார் கேட்டாள், போன் நம்பர் கேட்டாள், வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டாள். என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிரஷர் கூடுதல் என்றாள். அது எனக்கும் தெரியும். என் அக்கா நாற்பத்தெட்டு வயதில் பிரஷரால் ஒரு பக்கம் விழுந்தவள். இன்றும் இடது கையைத் தூக்க முடியாது. எனக்கு அப்போது நாற்பத்தேழு. நாகர்கோவில் டாக்டர் எழுதியதைக் கையில் காசிருக்கும் மாதம் வாங்குவேன், இல்லாத மாதம் விட்டுவிடுவேன்.

டாக்டர் அம்மா எழுதி, அவள் கொண்டு தந்த மாத்திரையைத் திருப்பிப் பார்த்தேன். விலை போடவில்லை. விலை இல்லாத மருந்து என்ன மருந்து? அடுத்த வீட்டில் இருக்கும் மைனியிடம், அதாவது என் அண்ணன் மனைவியிடம், காட்டினேன்.

"புது மருந்த நம்ம மேல போட்டுப் பாக்கானுவளோ என்னவோ. நீ அவசரப்படாத மக்கா," என்றாள்.

நான் அவசரப்படவில்லை. ஒரு மாத்திரையைக் கிண்ணத்துத் தண்ணீரில் கரைத்து, ஒரு கைப்பிடி பிச்சிப்பூவை அதில் போட்டு வைத்தேன். மறுநாள் பூ பழுப்பாகிக் கிடந்தது. பூவையே இப்படிச் செய்கிறதென்றால் உடம்பை என்ன செய்யும்? எல்லா மாத்திரையும் பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று.

வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது. "மாத்திர போடுதியளா அக்கா?" என்று மாத்திரைக்காரி கேட்பாள். "போடுதேன்," என்பேன். பிரஷர் குறையவில்லை. டாக்டர் அம்மா ஒன்றை இரண்டாக்கினார். அடுத்த மாதம் வேறொன்றையும் சேர்த்தார். நோட்டில் மருந்து கூடக் கூட என் சந்தேகமும் கூடியது. இவ்வளவையும் சும்மா தருவார்களா?

ஒரு வெள்ளிக்கிழமை காலை டின் என் வீட்டுக்காரர் கையில் அகப்பட்டது.

"ஏட்டி, ஒங்க அக்கா மாதிரி நீயும் கெடக்கணுமா?"

நோட்டில் எழுதியிருந்தபடி மூன்று மாத்திரையையும் என் கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரே நின்றார். மத்தியானம் பூப்பையோடு பஸ்ஸுக்கு நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது அதே ரேஷன் கடைக் கட்டடத்தில் கிடந்தேன்.

"பிரஷர் ரொம்ப இறங்கிப்போச்சு. தினமும் போடுற மாத்திரைதானே? இன்னைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று டாக்டர் அம்மா கேட்டார்.

நான் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தேன்.

"இன்னைக்குத்தான் மொதல்ல போட்டா," என்றார் வீட்டுக்காரர்.

பிறகு எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. பிச்சிப்பூவையும் சொன்னேன். கூட நின்ற மாத்திரைக்காரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நீங்க பூக்காரியாக்கா? வெறுந் தண்ணியில கெடந்தா மட்டும் பிச்சி மறுநாளு வெள்ளயாவா இருக்கும்?"

இருக்காது. இருபது வருடம் பூக்கட்டியவளுக்கு அது தெரியாதா?

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. "நீங்க போடுறீங்கன்னு நம்பித்தான் கூட்டினேன்," என்று மட்டும் சொல்லி, நோட்டில் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, ஒன்று என்று எழுதினார்.

அன்று வெள்ளிக்கிழமையாக இருந்தது என் நல்ல காலம். மறுநாள் என்றால் அங்கே பூட்டுத்தான் தொங்கியிருக்கும். பின்னர் கிராமசபையில், தினமும் டாக்டர் வர அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். தாளின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

இப்போது பிரஷர் இறங்கியிருக்கிறது. ஆனால் மாத்திரைக்காரி என் வாய்வார்த்தையை நம்புவதில்லை. காலி அட்டையை வாங்கிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தருகிறாள். போன மாதம் அதுவும் போதவில்லை.

"அந்த டின்னு எங்க? அதையும் எடுங்கோ, பாப்போம்."

எடுத்துக்கொண்டு வந்து திறந்து காட்டினேன். உள்ளே பூக்கட்டும் நூல்தான் இருந்தது. அவள் நூலையும் தூக்கி அடியில் பார்த்தாள்.