கேட்டவர்கள் காது வலிக்கிறது என்றார்கள்

எங்கள் நான்காவது ஆல்பம் வெளிவந்த வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குள் முதல் கருத்து வந்துவிட்டது. "பாட்டு ஓகே. ஆனா காது வலிக்குது." அவ்வளவுதான். முகத்துக்குப் பதில் பூனைப் படம் போட்டிருந்த எவனோ ஒருவன். நடைபாதையில் வாங்கிய ஹெட்செட்டில் கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

டீ ஆறுவதற்குள் இன்னும் மூன்று. "ஊசியால குத்துற மாதிரி இருக்கு." "பழைய ஆல்பத்துல இருந்த சூடு எங்க போச்சு?" "தகரத்தைத் தேய்ச்சுப் பதிவு பண்ணீங்களா ப்ரோ?" கடைசி ஆளுக்கு உடனே பதில் எழுதினேன். நல்ல பதில் இல்லை. அவன் வீட்டு மனிதர்களையெல்லாம் அதில் இழுத்திருந்தேன்.

நாங்கள் நாலு பேர். வேலூரில் படிக்கும்போது ஆரம்பித்த ராக் குழு. எந்தக் கம்பெனியும் எங்களை எடுக்கவில்லை, நாங்களும் யாரிடமும் போய் நிற்கவில்லை. நாங்களே எழுதி, நாங்களே பதிவு செய்து, நாங்களே வெளியிட்டு, சென்னையிலும் பெங்களூரிலும் எங்கள் பாட்டை உடன் பாடுகிற கூட்டத்தைச் சேர்த்திருந்தோம். பாடகன் எழுதுவான், பாடுவான். நான் கிட்டார். அதைவிட முக்கியமாக, மிக்சிங் என் வேலை. குரல் எவ்வளவு, கிட்டார் எவ்வளவு, எது முன்னால் வரணும், எது பின்னால் நிற்கணும் என்று எல்லாவற்றையும் கலந்து பாட்டாக்கித் தருவது. "பாட்டு என்னுது, சவுண்டு அவன்து" என்று பாடகன் போகிற இடமெல்லாம் சொல்வான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் என்னை ஒரு ஆளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றபடி நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரி ஊழியன். இப்போது மாதிரி ஷூ செய்கிற சாம்பிள் ரூமில் உட்கார்ந்து வேலை. அதற்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்பிருந்தே, பல வருஷம் ரஃபிங் மெஷினில் நின்றேன். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன் பசை பிடிக்கும்படி தோலைச் சுரண்டிக் கரடாக்குகிற மெஷின். அது போடுகிற கூச்சலை எழுத்தில் சொல்ல முடியாது. பல் டாக்டர் கையில் வைத்திருப்பதைப் பத்துப் பங்கு பெரிதாக்கி, வரிசையாக நிறுத்தி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டினால் கொஞ்சம் கிட்ட வரும். சத்தம் நுழையாமல் காதில் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறப் பஞ்சு கொடுத்திருந்தார்கள். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் ஆடிட்டு என்று ஃபேக்டரியைச் சோதிக்க வருகிற அன்று எல்லாரும் ஒழுங்காக வைத்துக்கொள்வோம். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிடுவோம். அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவனோடு எப்படிப் பேசுவது? அழுக்கானால் அடுத்த ஆடிட்டுக்கு என்ன செய்வது? நல்ல துணியைத் தீபாவளிக்கு எடுத்து வைப்பது போல எடுத்து வைத்தோம்.

ஆல்பத்துக்கு வருகிறேன். வெளியிடுவதற்கு முந்தின நாள் பாடகன் கேட்கத்தான் கேட்டான். "மச்சான், கொஞ்சம் ஷார்ப்பா இல்ல?" நான் சொன்ன பதிலில் அவன் வாயை மூடிக்கொண்டான். அதை நாகரிகமாக எழுதினால், சவுண்டு விஷயத்தில் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று அர்த்தம் வரும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கு இது வெறும் குஞ்சு அல்ல. இதுவரை செய்ததிலேயே இதுதான் சரியான சவுண்டு என்று சத்தியமாக நம்பினேன். பழைய ஆல்பங்களை இப்போது போட்டுப் பார்த்தால் மந்தமாக, மூட்டைக்குள் இருந்து வருவது போல இருந்தது. இதில்தான் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒவ்வொன்றும் தெரிந்தது, பாடகன் மூச்சு இழுப்பது தெரிந்தது. இதற்காக ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்திருந்தேன். அதைப் போய் ஊசி என்கிறான்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கருத்துகள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. பாட்டு வரிகள் நன்றாக இருக்கின்றன என்றார்கள். பாடகன் குரல் முதிர்ந்திருக்கிறது என்றார்கள். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் "ஆனா" என்று ஆரம்பித்தார்கள். எங்களை முதல் மேடையிலிருந்து தொடர்ந்து வருகிற ஒருவர், என்னைவிட வயதில் பெரியவர், இப்படி எழுதினார்: "முழுசாக் கேட்கணும்னு ஆசை. முடியல. மன்னிச்சிடுங்க." திட்டியிருந்தால் தேவலை. வேறொருவன் நேராகவே கேட்டான்: "மிக்ஸ் பண்ணவன் செவிடா?" அவனோடு அன்று முழுக்கச் சண்டை போட்டேன். சோறு தட்டில் காய்ந்து போனது.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் எங்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. ஷேர் ஆட்டோவில் போட்டுப் பார்ப்பது. ஸ்டுடியோவில் எல்லாப் பாட்டும் இனிக்கும். வேலூரில், ஆட்டோ சத்தத்துக்கு நடுவில், முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிற ஜனம் தாளம் போட்டால்தான் பாட்டு. இந்த முறை அவசரத்தில் அதைச் செய்யவில்லை. இப்போது செய்து, வீடியோ எடுத்து, எல்லார் வாயையும் அடைக்கலாம் என்று கிளம்பினேன். யார் பாட்டு என்று சொல்லாமல் டிரைவரிடம் போனைக் கொடுத்துப் போடச் சொன்னேன்.

வண்டி கோட்டையைக்கூடத் தாண்டவில்லை. டிரைவர் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பீக்கரில் எதையோ திருகினார். பின்னால் ஆஸ்பத்திரிக் கவரை மடியில் வைத்திருந்த அம்மா, "அண்ணா, அத்த நிறுத்துங்கண்ணா, தல வலிக்குது" என்றார்.

டிரைவர் போனைத் திருப்பி நீட்டினார். "இன்னா சார் இது, ஒரே கீச்சு கீச்சுனு கீது. வேற எதனா நல்ல பாட்டு வெச்சிகிறியா?"

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்தேன். அழுகை வந்தது. இத்தனை வயதில் ரோட்டில் அழுகிறோமே என்ற வெட்கமும் வந்தது. இருந்தாலும் என் காதை நான் சந்தேகிக்கவில்லை. ஊரையே சந்தேகித்தேன்.

அதற்குத் தோதாக மறுநாளே ஒரு சாட்சி கிடைத்தது. ரஃபிங்கில் என்னோடு பக்கத்து மெஷினில் நின்றவன் ஒருவன், இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறான். எங்கள் குழுவின் முதல் ரசிகன் என்றே சொல்லலாம். கேன்டீனில் என்னைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"தோஸ்து! இன்னா பாட்டுடா அது! இத்தினி வருசத்துல இப்பதாண்டா எல்லாம் தெளிவா கேக்குது. மின்னயெல்லாம் அவன் இன்னா பாட்றான்னே புரியாது, உனுக்காவ நல்லாகீதுன்னு சொல்லுவேன். இதுல ஒரு வார்த்த உடாம கேக்குது."

அவன் மட்டும் அல்ல. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த ரஃபிங் ஆட்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். போனை நடுவில் வைத்து, ஒலியை முழுக்க ஏற்றி, தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள். தள்ளி இருந்த ஆபீஸ் மேஜையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். போகட்டும் என்று விட்டேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றே குழுவின் பக்கத்தில் எழுதினேன்: ஏசி ரூமில் உட்கார்ந்து விலை உயர்ந்த ஹெட்போனில் கேட்கிறவர்களுக்கு இது புரியாது, வியர்வை சிந்துகிற ஜனத்துக்குப் புரிகிறது, எனக்கு அது போதும். பாடகன் அதை அழித்துவிட்டான். நான் திரும்பப் போட்டேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

அந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். கரண்ட் இல்லை. எல்கேஜி டீச்சரான என் மனைவி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் இன்வெர்ட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆல்பத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே அந்த ஊசி? எந்த இடத்தில் குத்துகிறது? எனக்குக் கிடைக்கவே இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து, சும்மா உட்கார்ந்திருந்தேன். வீடு அமைதியாக இருந்தது.

மனைவி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். "ஏங்க, ஆஃப் பண்ணக்கூடாதா? தெரு முனை வரைக்கும் கேக்குது."

"எதை?"

அவள் என்னைப் பார்த்தாள், இன்வெர்ட்டரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பேட்டரி தீர்ந்துபோய் அது எவ்வளவு நேரமாக அலறிக்கொண்டிருந்ததோ தெரியாது. அதன் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிவது மட்டும் எனக்குத் தெரிந்தது. அவள் போய் ஸ்விட்சை அணைத்தாள். என் காதுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. அவள் முகத்தில் இருந்த இறுக்கம் மட்டும் தளர்ந்தது. பையைக்கூட இறக்கி வைக்காமல் என் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது கத்துனது உங்களுக்குக் கேக்கலியா?" என்றாள். "கூப்ட்டா திரும்ப மாட்றீங்களே, பாட்டு நெனப்புலயே கீறீங்கன்னு இல்ல நான் நெனச்சினு இருந்தேன்."

மறுநாள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வாழ்நாள் முழுக்க ஹெட்போனோடு இருந்தவன் நான், இந்தப் பரீட்சையில் தோற்க மாட்டேன் என்று ஒரு திமிர் அப்போதும் மிச்சம் இருந்தது. கனத்த சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். வந்தன, அழுத்தினேன். பிறகு நின்றுவிட்டது. அடுத்ததற்காகக் கட்டைவிரலைத் தயாராக வைத்துக் காத்திருந்தேன். பரிசோதனை செய்த பெண் கதவைத் திறந்து, "முடிஞ்சிடுச்சி சார், வாங்க" என்றாள்.

"பாதியிலயே நிறுத்திட்டீங்களேம்மா?"

"இல்ல சார். கடைசி வரைக்கும் போட்டேன்."

வெள்ளத்தில் கரை இடிந்தது போல பரிசோதனை முடிவுத் தாளில் கோடு ஓரிடத்தில் அப்படியே கீழே விழுந்திருந்தது. அதைப் பார்த்ததுமே டாக்டர், "மெஷின் பக்கத்துல வேல செஞ்சீங்களா?" என்று கேட்டார். மேல் ஸ்தாயிச் சத்தம் கேட்கிற சக்தி போய்விட்டது, திரும்ப வராது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். எனக்குக் கேட்காத கீச்சொலியைக் கேட்க வைப்பதற்காக, அதை ஏற்றி ஏற்றி, கேட்டவர்கள் காதை நான் கிழித்திருக்கிறேன். "செவிடா?" என்று கேட்டவன் கேள்விதான் கேட்டான். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் இருந்தது.

வெளியே மரத்தடியில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது என்னைப் பற்றிக்கூட நினைப்பு வரவில்லை. கேன்டீன் மேஜைதான் கண்ணில் நின்றது. போனைச் சுற்றி ஆடிய அந்தத் தலைகள். இப்பதாண்டா எல்லாம் தெளிவா கேக்குது.

பாடகனுக்குப் போன் செய்து சொன்னேன். வாலாஜாபேட்டையிலிருந்து பைக்கில் நேராக வந்தான். வழியில் ஆற்காட்டில் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்கி வந்திருந்தான். ஆல்பம் வந்தால் நாங்கள் சாப்பிடுவது வழக்கம், இந்த முறை சண்டையில் விட்டுப்போயிருந்தது. யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. "சவுண்டு இல்லாம நான் இன்னாடா?" என்று கேட்டேன். அவன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

ஆல்பத்தைச் சென்னையில் வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். கருத்துகள் கொட்டின. "இதுதான் நம்ம பேண்டு." "கண்ணுல தண்ணி வந்துடுச்சி." மன்னிப்புக் கேட்ட பெரியவர் எழுதினார்: "முழுசாக் கேட்டேன். ரெண்டு தடவை." நானும் கேட்டேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பது போல இருந்தது. நான் அமைத்து, நான் வாசித்த கிட்டார் அதில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஊரெல்லாம் கேட்டுவிட்டது. எனக்கு மட்டும் இனிமேல் கேட்காது. பாடகனிடம், நல்லா இருக்குடா என்றேன்.

அன்று சாயங்காலம் ரஃபிங் தோஸ்து போன் செய்தான். ஓவர்டைமில் இருந்தான், பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "டேய், பாட்டுக்கு இன்னா ஆச்சி? யாரோ கெட்த்து வெச்சிகிறாங்க. ஒண்ணுமே கேக்கல. உன்னாண்ட பழசு கீதா? அனுப்புடா, பசங்க அல்லாரும் கேக்குறாங்க."

பழசு என் போனில் இருந்தது. உலகத்தில் அதைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் நானும் அந்த மேஜையும்தான். அனுப்பினால் அவன் சந்தோஷப்படுவான்.

"அத்த உடு," என்று கத்தினேன். "நாளைக்கு லீவு போட்டுட்டு வேலூர் வா. காது டாக்டர பாக்கணும்."

"யாருக்கு? உனுக்கா?"

"உனக்கு. அந்த மேஜையில கேட்ட அத்தினி பேருக்கும். டேய், மொதல்ல சொல்லு, அந்த ஆரஞ்சுப் பஞ்சு எங்க?"

அவன் சிரித்தான். "கீது, கீது. போன மாசம் புதுசு குட்த்தாங்க, கவர் கூட பிரிக்கல, பத்திரமா வெச்சிகிறேன். அடுத்த வாரம் ஆடிட்டு இல்ல?"